இடது காலின் அகங்காரம்

1

போன வருஷம் தார் எடுத்தேன். டீசல், ஃபோர் வீல், ஆட்டோமேட்டிக். சாவி கைக்கு வந்த அன்று கல்லூரி நண்பர்கள் குழுவில் படம் போட்டேன். மூன்று நிமிஷத்தில் முதல் பதில் வந்தது: "மச்சி, புலியை வாங்கி அதுக்குத் தயிர்சாதம் போடப்போறியா?" அடுத்தவன், "கியர் போட சோம்பேறித்தனம்னா மலைக்கு எதுக்குப் போற?" என்றான். மூன்றாமவன் சுருக்கமாக முடித்துக்கொண்டான்: "லேடீஸ் வண்டி."

மூன்று பேரும் வாரத்தில் ஐந்து நாள் ஓஎம்ஆர் நெரிசலில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்கள். அங்கே கிளட்ச் மிதிக்காதது அவர்களுக்கு வசதி. சனிக்கிழமை காலையில் மட்டும் அது மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில். குழுவில் போட்டால் நாலு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். என் கட்சி இதுதான். மண்ணிலும் பாறையிலும் ஓட்ட மேனுவல்தான் சரி என்று நம்மூரில் சொல்லப்படுவதில் கால்வாசி பொறியியல், முக்கால்வாசி மீசை. அந்தக் கால்வாசியை நான் மதிக்கிறேன். அதைக் கடைசியில் பேசலாம். முதலில் மீசையை எடுத்துவிடுவோம்.

2

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் மீசைக் கட்சிதான். நண்பன் ஒருவனின் பழைய மேனுவல் தாரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திருத்தணிக்குப் பக்கம். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். எங்கள் கரம்பைத் தாண்டி ஏரிக்கரைக்கு ஏறும் வண்டிப்பாதை ஒன்று உண்டு. கரும்பு டிராக்டர்கள் ஏறி ஏறிக் குழிவிழுந்த பாதை. முந்தின ராத்திரி மழை. வண்டல் மண் வெண்ணெய் மாதிரி இருந்தது.

ஏறினேன். பாதியில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் விட்டு மறுபடி ஏறினேன். இந்தத் தடவை ஆஃப் ஆகக்கூடாது என்று ஹாஃப் கிளட்சில் வைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சேறு தெறித்தது, பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. நாலாவது முயற்சியில் ஒரு வாசனை வந்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும்.

மாமா ஒரு டிராக்டரில், மட்கார்டு மேல் தொற்றி உட்கார்ந்து வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. அரக்கோணம் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். சங்கிலி போட்டு வண்டியை இழுத்துப் போனோம். இரண்டு நாள் கழித்து கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். அடுப்பில் வைத்து மறந்த தோசை மாதிரி இருந்தது. ஃப்ளைவீலில் நீலநீலமாகத் திட்டுகள்.

"இன்னாடா, உள்ள மீன் வறுத்தியா?"

நான் வண்டி பழசு, மண் ஈரம் என்று ஏதேதோ சொன்னேன்.

"வண்டி மேல தப்பு இல்ல. உன் கால் மேல தப்பு. ஃபோர் லோ போட்டியா? போடல. ஃபோர் லோ போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல வச்சு, கிளட்ச முழுசா வுட்டுட்டு, கால மடக்கிகினு சும்மா ஒக்காந்திருந்தா அதுவே ஏறிப் போயிருக்கும். நீ வண்டி ஓட்டல. நடுவுல பூந்து அத்தத் தொந்தரவு பண்ணிகினு இருந்த."

செலவு கணக்கை விடுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் யோசித்தேன். மேனுவல் வண்டியை மண்ணில் ஓட்டத் தெரிந்த எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: கிளட்சைத் தொடாதே. லோ ரேஞ்சில் போடு, காலை எடு, இஞ்சினை அதன் போக்கில் விடு. அதாவது மேனுவலை மிக நன்றாக ஓட்டுவது என்றால் அதைக் கிட்டத்தட்ட ஆட்டோமேட்டிக் மாதிரி ஓட்டுவது. கிளட்சால் சாதித்தேன் என்று ஒருவர் பெருமை பேசினால், பெரும்பாலும் அவர் வண்டியில் பிளேட் கருகிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

3

இயந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தச் சண்டையில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் அதுதான்.

சாலையில்லா இடத்தில் ஓட்டுவது வேகத்தின் விஷயம் என்று ரீல்ஸ் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நிஜத்தில் அது மெதுவாகப் போவதன் விஷயம். பாறை மேல் ஏறும்போது சக்கரம் ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாகச் சுற்ற வேண்டும். ஆனால் இஞ்சினுக்கு ஒரு குறைந்தபட்ச ஓட்டம் உண்டு. நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் அது நின்றுவிடும். ஓடியே ஆகவேண்டிய இஞ்சின் ஒரு பக்கம், நின்று நிதானிக்க வேண்டிய சக்கரம் மறு பக்கம். இடையில் இருக்கும் இந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? இதுதான் முழுப் பிரச்சினையும்.

மேனுவலில் அதைத் தாங்குவது கிளட்ச் பிளேட். இரண்டு தட்டுகள் உரசிக்கொண்டு, உரசலைச் சூடாக்கி, தன்னைத் தேய்த்துக்கொண்டு தாங்குகிறது. அதனால்தான் அதை முழுசாக விடு என்கிறார் மாமா. விட்டுவிட்டால் உரசல் இல்லை. ஆனால் ஒரு கல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் வண்டி ஆஃப்.

ஆட்டோமேட்டிக்கில், நான் சொல்வது டார்க் கன்வர்ட்டர் வகையை, அதைத் தாங்குவது எண்ணெய். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றைப் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். சுற்றுவதைக் கையால் பிடித்து நிறுத்தினால் முதல் விசிறி நின்றுவிடாது, அது பாட்டுக்கு ஓடும். காற்றுக்குப் பதில் எண்ணெய், நடுவில் எண்ணெயின் போக்கைத் திருப்பிவிடும் இன்னொரு சக்கரம். அந்த நடுச் சக்கரம்தான் சூட்சுமம். வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும் நேரத்தில் இஞ்சினின் முறுக்குவிசையை அது ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905இல் காப்புரிமை வாங்கியது, கப்பலுக்காக. நீராவி டர்பைனின் அசுர வேகத்தைக் கப்பலின் நிதானமான விசிறிக்குக் கொண்டுசேர்ப்பது அவர் பிரச்சினை. பாறை மேல் நிற்கும் ஜீப்பின் பிரச்சினையும் அதுவேதான்.

கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜீப் ராங்ளர் ரூபிகான், 2018 மாடல். மேனுவலில் முதல் கியர் 5.13, ஆட்டோமேட்டிக்கில் 4.71. இரண்டிலும் லோ ரேஞ்ச் 4, அச்சு விகிதம் 4.10. பெருக்கினால் மேனுவலுக்கு 84, ஆட்டோமேட்டிக்குக் 77. பார்த்தீர்களா, மேனுவல்தான் ஜெயிக்கிறது என்று இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த 77ஐ, வண்டி நகரத் தொடங்கும் கணத்தில் கன்வர்ட்டர் இன்னும் பெருக்குகிறது. ஏற்றத்தில் நடுவழியில் நின்று மறுபடி கிளம்ப வேண்டியவனுக்குத் தேவை அந்தக் கணம்தான்.

ஒரு எச்சரிக்கை. கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே சாதி கிடையாது. ஏஎம்டி என்று விற்கப்படுவது மேனுவல் கியர்பாக்ஸேதான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் கிளட்சை மிதிக்கிறது. அது மலையில் நான் ஏரிக்கரையில் செய்ததையே இன்னும் நேர்த்தியாகச் செய்யும். 2014இல் செலெரியோவோடு நம்மூருக்கு வந்த அந்த வகையை ஓட்டிப் பார்த்துவிட்டு "ஆட்டோமேட்டிக் ஏத்தத்துல இழுக்காது மச்சி" என்று தீர்ப்பு எழுதியவர்கள் நிறையப் பேர். தாரில் 2020இலும் ஜிம்னியில் 2023இலும் வந்தது டார்க் கன்வர்ட்டர். கரடிப் பொம்மையைப் பார்த்துவிட்டுக் கரடியைப் பற்றிப் பேசக்கூடாது.

4

சரி, வரலாறு என்ன சொல்கிறது? ஆண்மை எங்கே அதிகமாகப் பரிசோதிக்கப்படும்? போரில் என்று சொல்வீர்கள். அங்கேயே போகலாம்.

முதல் வெற்றிகரமான முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான ஹைட்ராமேட்டிக், ஓல்ட்ஸ்மொபில் காரில் 1940 மாடலாக விற்பனைக்கு வந்தது. இரண்டே வருஷத்தில், 1942இல், அமெரிக்காவின் எம்5 இலகு டாங்கிக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு காடிலாக் இஞ்சின், இரண்டு ஹைட்ராமேட்டிக். சேற்றில் குண்டு விழும்போது கியர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று ராணுவம் முடிவு செய்தது. எண்பதுகளில் வந்த ஹம்வீயும் ஆட்டோமேட்டிக்தான். யாரும் அதை லேடீஸ் வண்டி என்று சொல்லிக் கேட்டதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் திருத்தணியில் மின்சார ரயில் ஏறி ஆவடியில் இறங்குங்கள். அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72ம் தயாரானது, அர்ஜுனும் தயாரானது. டி-72இல் ஓட்டுநர்தான் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்ற வேண்டும். அர்ஜுனின் கியர்பாக்ஸில் டார்க் கன்வர்ட்டர் உண்டு. நாமே வடிவமைத்தபோது நாம் தேர்ந்தெடுத்தது எது என்று பாருங்கள்.

டாங்கியும் வேண்டாமா? உங்கள் தார் சேற்றில் புதைந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஜேசிபியை. 1979லிருந்து இந்த நாட்டில் தயாராகும் இயந்திரம், நம் ஊர்களில் மண் அள்ளும் இயந்திரத்துக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர். 3டிஎக்ஸ் கேபினில் ஏறிக் கீழே பாருங்கள். கிளட்ச் பெடல் இருக்காது. டார்க் கன்வர்ட்டர் வழியாகத்தான் அது மலையைக் குடைகிறது. மேனுவல் வீரரை ஆட்டோமேட்டிக் ராட்சசன் வாளியில் கொக்கி மாட்டி இழுத்துக் கரையேற்றும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். கரையேறியதும் வீரர் அந்த ஆபரேட்டர் தம்பியிடம் டயர் பற்றிப் பாடம் எடுத்தார்.

இன்னும் பக்கத்தில் வரட்டுமா? தமிழ்நாட்டின் உண்மையான ஆஃப்ரோடு வண்டி எது? 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. வரப்பில் போகும், ஏரி உள்வாயில் போகும், முன்னால் ஒரு புல்லுக்கட்டு, பின்னால் ரெண்டு ஆடு, நடுவில் தாத்தா. அதில் கிளட்ச் பிடி எங்கே இருக்கிறது? இல்லை. இஞ்சின் வேகமெடுத்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், ஒரே கியர். நாற்பது வருஷத்துக்கு மேலாக நம் விவசாயி ஆட்டோமேட்டிக்கில்தான் சேற்றைக் கடந்துகொண்டிருக்கிறார். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் இதைப் பற்றிப் பெருமைப்பட அவருக்கு நேரமில்லை. பெருமை என்பது வேலை இல்லாதவனின் வேலை.

5

திருத்தணி மலைக்கு ஏற இரண்டு வழி. வருஷத்தின் நாள்களுக்கு ஈடாக 365 படி என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு வந்தால் படிக்குப் படி பாட்டும் கற்பூரமுமாக இருக்கும். இன்னொன்று, மலையைச் சுற்றி ஏறும் தார்ச்சாலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிப் படியேறுகிறவர்களையும் பார்க்கிறேன், முட்டிவலியோடு காரில் மேலே வந்து இறங்கும் பாட்டிகளையும் பார்க்கிறேன். படியேறி வந்தவருக்கு முருகன் ஒரு முகம் கூடுதலாகக் காட்டுவதில்லை.

படியேறுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். மேனுவல் கியரிலும் அதே சந்தோஷம் உண்டு. கியர் சரியாக விழும்போது கையில் ஒரு 'டக்' வரும், அதற்காகவே ஓட்டலாம். "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை. சண்டை, "எனக்குப் பிடிச்சதுதான் தகுதி" என்று மலையடிவாரத்தில் நின்று டிக்கெட் கிழிப்பவரோடு.

இந்த ஆசாமியை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் தொழிலிலும் இருக்கிறார். மெமரியைத் தன் கையால் ஒதுக்கித் தன் கையால் விடுவிக்காதவன் புரோகிராமரே இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஜாவா வந்தபோது சிரித்தார்கள். அவர்களில் பலர் எழுதிய நிரல்களில் விடுவிக்க மறந்த மெமரியைத் தேடி நான் ராத்திரி கண் விழித்திருக்கிறேன். இலக்கியத்திலும் இருக்கிறார்: கையால் எழுதாதது எழுத்தா, டைப் அடிப்பதில் ஆன்மா வருமா என்பார். பழகிய கஷ்டத்துக்கு அறம் என்று பெயர் வைப்பது நமக்குக் கைவந்த கலை. நான் பட்ட பாட்டை நீயும் படு, இல்லாவிட்டால் நான் பட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். இதுதான் அந்த வாதத்தின் முழுச் சாரமும்.

எதிர்த்தரப்பையும் விடப்போவதில்லை. பட்டனைத் திருப்பினால் மலை வழிவிடும் என்று விளம்பரம் பார்த்து நம்பி வருகிற கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. டயரில் காற்றைக் குறைக்கத் தெரியாது, இறங்கி நடந்து பார்க்கத் தெரியாது, எதிரே இருப்பது வண்டலா மணலா என்று தெரியாது, காட்டிலாகா நிலமா பட்டா நிலமா என்று கேட்கவும் தோன்றாது. 'சாண்ட் மோட்' போட்டிருக்கிறேன் என்பார்கள். மண்ணை வாசிப்பதுதான் இந்தக் கலை. கால் எத்தனை பெடல் மிதிக்கிறது என்பது அதில் கடைசிப் பாடம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது வேறு, ஒவ்வொரு தடவையும் அதை நீயே காலால் செய்துகொண்டிருப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருக்கின்றன.

இந்த வேறுபாடு எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மாமாவிடம் கிடைத்தது.

6

மாமாவுக்கு ரெண்டு வயசில் காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம். இடது கால் சூம்பிவிட்டது. தொடையில் கை ஊன்றித்தான் நடப்பார். நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ சொட்டு மருந்து 1995இல் தொடங்கியது, மாமாவுக்கு அது ஏறக்குறைய முப்பது வருஷம் தாமதம்.

பதினாலு வயசில் நகரியில் ஒரு பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தார். தொழிலைத் தெலுங்கில் கற்றுக்கொண்டதால் இன்றைக்கும் போல்ட் சிக்கிக்கொண்டால் தெலுங்கில்தான் திட்டு வரும். எம்எம் 540, கமாண்டர், மேஜர், டிராக்டர்கள் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் இறக்கி ஏற்றிய கியர்பாக்ஸ்களுக்குக் கணக்கில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கியர் ராடு மேல் ரெண்டு விரலை வைத்தபடி வருவார். ரிலீஸ் பேரிங் போயிருக்கிறதா, பினியனில் பல் தேய்ந்திருக்கிறதா, சொல்லிவிடுவார்.

பக்கத்து சீட்டில். அதுதான் விஷயம். தான் சரிசெய்த ஒரு ஜீப்பைக்கூட அவர் ஓட்டிப் பார்த்தது கிடையாது. கிளட்ச் மாற்றி முடித்ததும் ஒரு பையனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார். "எங்கடா புடிக்குது? மேலயா, கீழயா?" என்று கேட்பார். அவன் ஏதோ ஒன்று சொல்வான். அந்தக் கால் சொல்லும் பொய்யை வைத்துக்கொண்டு இவர் கேபிளை முறுக்குவார். சின்ன வயசில் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், எனக்கு அது விநோதமாகவே பட்டதில்லை. மாமாவின் சொந்த வாகனம் பின்னால் ரெண்டு பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். கியர் கிடையாது.

என் தாரைப் பார்த்ததும் அவருக்கும் பிடிக்கவில்லை. "கிளட்ச் இல்லாத வண்டி இன்னா வண்டி" என்றார். அவர் வாயில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னை முப்பத்தைந்து வருஷம் வெளியே நிற்க வைத்த கதவுக்கு அவரே காவல் நின்றார். மீசையின் வெற்றி அவ்வளவு முழுமையானது.

மாட்டுப் பொங்கல் மறுநாள், கரம்பில் யாரும் இல்லாத மத்தியானம், சாவியை அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்று ரெண்டு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்லவில்லை. வலது கால் அவருக்கு நல்ல பலம். சீட்டை முன்னால் இழுத்து, இடது காலைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். எப்படி என்று நான் சொல்ல ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்திவிட்டார். நியூட்ரலில் வைத்து, டிரான்ஸ்ஃபர் ராடை ஃபோர் லோவுக்குத் தள்ளினார். கியர் விழுந்த சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் பிளேட் கருக்கிய அதே பாதையில் ஏறினார். சேறு தெறிக்கவில்லை, சக்கரம் ஒரு சுற்றுக்கூட வழுக்கவில்லை. நடு ஏற்றத்தில் வேண்டுமென்றே நின்றார். பிரேக்கை மெல்ல விட்டு எவ்வளவு பின்னால் வருகிறது என்று பார்த்தார். மறுபடி ஏறினார். கரைமேல் போய்த் திருப்பி இறங்கினார், மறுபடி ஏறினார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒருவர் முதன்முறையாக அதை ஓட்டுகிறார். நான் பார்த்த மிகச் சிறந்த ஆஃப்ரோடு ஓட்டம் அதுதான். ரீல் எடுக்கவில்லை.

இறங்கி வந்ததும் நான் ஏதாவது எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கண்ணீர், நன்றி, அந்த மாதிரி. அவர் குறை சொன்னார்.

"எறக்கத்துல இஞ்சின் புடிப்பு பத்தல. நம்ம கமாண்டர் ஃபர்ஸ்ட்ல கட்டிப்போட்ட மாதிரி எறங்கும். இது நழுவுது, பிரேக்க தொட வேண்டிகீது. அப்புறம், கியர் எறக்கறதுக்கு ஒரு வாட்டி யோசிக்குது. எண்ண சூடாச்சுன்னா எப்பிடித் தெரியும்?"

நாற்பது நிமிஷத்தில் அந்தக் கியர்பாக்ஸின் மூன்று பலவீனங்களையும் சொல்லிவிட்டார்.

7

இப்போது அந்தக் கால்வாசி. மாமா சொன்னது எல்லாம் சரி.

நீண்ட இறக்கத்தில் மேனுவல் மேல். இஞ்சினும் சக்கரமும் இரும்பால் கட்டப்பட்டிருக்கின்றன, நடுவில் எண்ணெய் நழுவல் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் மோடுக்குப் போய் முதல் கியரில் பிடித்து வைக்கலாம், இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு உதவி பிரேக்கைத் தட்டித் தட்டிப் பிடிக்கும். ஆனாலும் அந்தக் கட்டிப்போட்ட உறுதி வராது. மணலில் நெடுநேரம் திணறினால் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறும், நிறுத்தி ஆறவிட வேண்டும். பேட்டரி இறந்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. விலை அதிகம். கொழுக்குமலைக்குத் தினமும் ஆளேற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர்கள் பழைய மேனுவல் வைத்திருப்பதற்குக் காரணம் வீரம் இல்லை: சாமான் மலிவு, கீழே எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், யாரும் கழற்றி மாட்டுவார்கள். இது நேர்மையான காரணம். இந்தக் காரணத்தைச் சொல்லி மேனுவல் வாங்குகிறவரை நான் கைகூப்பி வணங்குவேன்.

மாமா கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து கீழே பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது ரிப்பேர் வந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

பதில் எனக்குத் தெரியும். ஒன்றும் பண்ண முடியாது. சென்சாரும் கம்ப்யூட்டருமாக மூடப்பட்ட பெட்டி. தப்பு என்னவென்று கேட்கவே தனி ஸ்கேனர் வேண்டும். அது கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். முதன்முறையாக அவரை ஓட்டும் இருக்கையில் உட்கார வைத்த இயந்திரம், அவருடைய பட்டறையைப் பூட்டவும் போகிறது. இந்த முரணை நான் வார்த்தையால் பூசி மெழுக விரும்பவில்லை. என் கட்சிக்கு எதிரான ஆகப்பெரிய வாதம் இதுதான். இதை எனக்கெதிராக வைத்தவர் குழுவில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் புலி, தயிர்சாதம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேனுவல் கட்சிக்காரர்களே, உங்களுக்கு நிஜமாகவே கோபம் இருந்தால் இதற்குக் கோபப்படுங்கள். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தளம் திறப்பது வேறு, தகரக் கொட்டகையில் இருப்பவர் கைக்குச் சர்வீஸ் புத்தகமும் ஸ்கேனரும் சாமானும் வந்து சேர்வது வேறு. ஒரு பொருளை வாங்கியவனுக்கு அதைத் திறக்கவும், தனக்குப் பிடித்த ஆளிடம் கொடுத்துச் சரிசெய்யவும் உரிமை வேண்டும் என்பதற்காகச் சண்டை போடலாம். மென்பொருளில் எங்களுக்கு அந்தச் சண்டை பழக்கம்தான். மேனுவல் வண்டிகளிலும் இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஓடுகிறது, அதனால் கிளட்ச் பெடல் அங்கே உங்களைக் காப்பாற்றாது. இது இரண்டு கட்சிக்கும் பொதுவான சண்டை. அதில் மட்டும் யாரும் மீசை முறுக்கிக் காணோம்.

லைசன்ஸ் விஷயமாக மாமாவை அழைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருக்கிறேன். அது தனிக் கதை. அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. போன வாரம் போனில் பேசியபோது வேறொன்றைத்தான் கேட்டார்.

"டேய், அந்தக் கன்வட்டரு எப்பிடித் தொறக்கறதுன்னு புக்கு எதுனா நெட்ல கெடைக்குமா? இங்லீஷ்ல இருந்தாலும் பரவால்ல. படம் இருந்தாப் போதும்."

தேடிக்கொண்டிருக்கிறேன். என்னை லேடீஸ் வண்டிக்காரன் என்று சொன்னவனிடமும் கேட்டிருக்கிறேன். அவன் வாகனக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறான். இன்னும் பதில் வரவில்லை.